எந்த வருஷத்து நாலு ஸ்டார்? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் மோதல் பாதுகாப்பைப் பார்ப்பது எப்படி

போன மார்ச் மாதம் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கார் விளம்பரம் அனுப்பினான். 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, சிவப்பு நிறம், மடக்குக் கூரை, விலையும் அவன் கைக்கு எட்டுகிற விலைதான். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, இதுவும் யூரோ என்கேப்பில் நாலு ஸ்டார், 2015ல வந்த புது எம்எக்ஸ்-5ம் நாலு ஸ்டார். ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு மூணு மடங்கு காசு கொடுக்கணும்?" (யூரோ என்கேப் என்பது ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதிப் பார்த்து, ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று சொல்லும் அமைப்பு.) அவன் பர்மிங்காமில் இருக்கிறான், நான் லெஸ்டரில், அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேரும் போய் வண்டியைப் பார்த்தோம். அங்கே பார்த்ததையும், ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வண்டி பழையதோ புதியதோ, அரை நாள் செலவழித்தால் போதும், அடிபட்டால் இது நம்மைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு ஓரளவு நேர்மையான பதில் கிடைத்துவிடும்.

நொறுங்க வேண்டியது நொறுங்கணும், நிற்க வேண்டியது நிற்கணும்

முதலில் இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. மோதும்போது காரின் மூக்கு நொறுங்க வேண்டும், நாம் உட்கார்ந்திருக்கும் கூடு நொறுங்காமல் நிற்க வேண்டும். "அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்று சொல்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 64 கிமீ வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17.8 மீட்டர். அந்த வேகத்தில் போகும் உடம்பு 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், அதன் மேல் சராசரியாக 27 ஜி விசை, அதாவது உடம்பின் எடையைப் போல 27 மடங்கு விசை, விழும். 30 சென்டிமீட்டரில் நின்றால் 54 ஜி. மூக்கு மடங்கிக் கொடுக்கும் தூரமும் பெல்ட் கொஞ்சம் இளகிக் கொடுக்கும் தூரமும்தான் நம் எலும்பைக் காப்பாற்றுகின்றன. இதையெல்லாம் முதலில் யோசித்து 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கியவர் மெர்சிடஸில் வேலை பார்த்த பேலா பாரேனி. அந்த யோசனையோடு 1959இல் அவர்களுடைய டபிள்யூ111 செடான் ரோட்டுக்கு வந்தது. வால்வோவின் நில்ஸ் போலின் கொடுத்த மூன்று முனை சீட் பெல்ட்டும் அதே 1959தான். அந்த ஒரு வருஷத்துக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

நம்பாதவர்களுக்கு நான் ஒரு வீடியோவைக் காட்டுவேன். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஹெச்எஸ் என்ற அமைப்பு தன் 50ஆவது ஆண்டையொட்டி 2009இல் ஒரு 1959 செவ்ரோலே பெல் ஏரையும் ஒரு 2009 செவ்ரோலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் 64 கிமீ வேகம், ஓட்டுநர் பக்கம் மட்டும் மோதல். பெல் ஏர் அவ்வளவு பெரிய கப்பல், ஆனால் அதன் கூடு மடங்கி, ஸ்டியரிங் உள்ளே வந்து, ஓட்டுநர் இடத்திலிருந்த பொம்மை பிழைத்திருக்காத நிலை. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சின்னக் காயம் வரலாம், அவ்வளவுதான். இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதே காலத்து ஸ்போர்ட்ஸ் கார் இதைவிடச் சின்னது, இதைவிட மெல்லியது, பல வண்டிகளுக்கு மேலே கூரையும் கிடையாது.

எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஸ்டார் பட்டியலில் இது தெரியாது. எம்எக்ஸ்-5 சுமார் 1,050 கிலோ. எதிரே 2,100 கிலோ எஸ்யூவி ஒன்று வருகிறது, இரண்டும் 50 கிமீ வேகம், நேருக்கு நேர். இரண்டும் ஒட்டிக்கொண்டு எஸ்யூவி போன திசையிலேயே போகும்; கணக்குப் போட்டால் எஸ்யூவிக்கு வேகத்தில் 33 கிமீ மாற்றம், சின்னக் காருக்கு 67 கிமீ. அதாவது நீங்கள் நின்றுபோவதோடு முடியாது, பின்னோக்கித் தள்ளப்படுவீர்கள். அதனால்தான் யூரோ என்கேப்பே தன் முன்பக்க மோதல் மதிப்பெண்ணை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களோடு மட்டும் ஒப்பிடச் சொல்கிறது. சின்ன ரோட்ஸ்டர், அதாவது இரண்டு சீட் திறந்த கார், வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும், வேறு வழி இல்லை.

ஸ்டாரை எண்ணாதீர்கள், உள்ளே போய்ப் படியுங்கள்

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எம்எக்ஸ்-5 முதல் தடவை நாலு ஸ்டார் வாங்கியது 2002இல். அந்தக் காலத்தில் உள்ளே இருக்கும் பெரியவர்களுக்குத் தனி ஸ்டார், ரோட்டில் நடப்பவர்களுக்குத் தனி ஸ்டார். முன்பக்கம் 40 சதவீத அகலம் மட்டும் தடுப்பில் இடிக்கும் 64 கிமீ மோதல், பக்கவாட்டில் 50 கிமீ வேகத்தில் ஒரு டிராலி வந்து இடிப்பது, முக்கியமாக இவ்வளவுதான் பரீட்சை. 2009இலிருந்து பெரியவர், குழந்தை, பாதசாரி, ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் என்று நாலையும் சேர்த்து ஒரே ஸ்டார் ஆக்கினார்கள். 2015இல் முழு அகலமும் சுவரில் மோதும் சோதனையையும் சேர்த்தார்கள். புது எம்எக்ஸ்-5 அந்தப் பரீட்சையில் வாங்கியதுதான் இரண்டாவது நாலு ஸ்டார். அதற்கு ஐந்தாவது ஸ்டார் கிடைக்காததற்குப் பெரிய காரணம் அப்போது அதில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இல்லாதது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரியவர் பாதுகாப்பு 84 சதவீதம், பாதசாரிப் பாதுகாப்பு 93 சதவீதம் என்று இருக்கும், ஆள் மேல் மோதினால் பானெட் தானாக மேலே எழும்பிக் கொடுக்கிறது. பழைய எஸ்எஸ்எல்சி மார்க்கையும் இன்றைய மார்க்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது, அது மாதிரிதான் இதுவும்.

அதனால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் சோதனை நடந்த வருஷம். அப்புறம் எந்தப் பிரிவில் மார்க் போனது என்பது. ஃபோர்டு மஸ்டாங் 2017 ஜனவரியில் யூரோ என்கேப்பில் வெறும் இரண்டு ஸ்டார் வாங்கியது. தானியங்கி பிரேக் இல்லை என்பதால்தானே என்று பலர் சமாதானம் சொன்னார்கள். அறிக்கையைப் படித்தால் அது பாதிக் கதைதான் என்று தெரியும்: முன்பக்க மோதலில் ஏர்பேக்குகள் போதுமான அளவு விரியவில்லை, பின்சீட்டில் இருந்த பொம்மை இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போனது. கருவி இல்லாமல் மார்க் போனதென்றால் நாம் கவனமாக ஓட்டி ஓரளவு சமாளிக்கலாம். ஏர்பேக்கும் பெல்ட்டும் சரியாகப் பிடிக்காமல் மார்க் போனதென்றால் அதை நாம் ஓட்டும் விதத்தால் சரிசெய்ய முடியாது. ஃபோர்டு அதே வருஷம் வண்டியைத் திருத்தி மறுபடி சோதனைக்கு அனுப்பி மூன்று ஸ்டார் வாங்கியது. ஆகவே செகண்ட் ஹேண்ட் மஸ்டாங் பார்க்கிறவர்கள் மாடல் பெயரோடு நிற்காமல், அது திருத்தத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்கப் பக்கம் ஐஐஹெச்எஸ் 2012இலிருந்து இன்னொரு கடினமான சோதனை வைத்திருக்கிறது, காரின் முன்பக்க அகலத்தில் நாலில் ஒரு பங்கு மட்டும் தடுப்பில் மோதும். மரத்திலோ கம்பத்திலோ ஓரமாக இடிப்பது மாதிரி. ஸ்போர்ட்ஸ் கார் ரோட்டை விட்டு விலகினால் பெரும்பாலும் நடப்பது இதுதான் என்பதால் எனக்கு இந்தச் சோதனை மேல் தனி மரியாதை. 2016இல் மஸ்டாங், கமேரோ, சேலஞ்சர் மூன்றையும் இதில் விட்டபோது கமேரோ 'நன்று' வாங்கியது, மஸ்டாங் அதற்கு ஒரு படி கீழே, சேலஞ்சர் அதற்கும் கீழே. விலையும் வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் மூன்று கார்களுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் மாதிரி வண்டிகளுக்கு ஸ்டார் தேடினால் கிடைக்காது, அவ்வளவு குறைவாக விற்கும் காரை வாங்கி உடைக்க இந்த அமைப்புகள் போவதில்லை. அதற்காக அவை சோதனையே இல்லாமல் வருகின்றன என்று நினைக்க வேண்டாம், சட்டப்படி தேவையான மோதல் சோதனைகளைத் தாண்டித்தான் வருகின்றன. கோனிக்செக் மாதிரி சின்ன நிறுவனம் ஒரே கார்பன் ஃபைபர் தொட்டியைத் திரும்பத் திரும்ப மோதிப் பார்க்கும், நொறுங்கும் பாகங்களை மட்டும் மாற்றிக்கொண்டு. ஆனால் சட்டச் சோதனை பாஸ், ஃபெயில் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு நன்றாகப் பாஸ் ஆனது என்று நமக்குத் தெரியாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளிநாட்டு மதிப்பெண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும், அப்போது இங்கே விற்கும் வண்டியில் அதே ஏர்பேக், அதே கருவிகள் இருக்கின்றனவா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

துரு: இதற்குத்தான் அரை நாளும்

பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் ஸ்டார் பட்டியலை மூடிவிட்டுத் தரையில் படுக்க வேண்டியதுதான். சோதனைக் கூடத்தில் மோதியது புத்தம் புது வண்டி. நீங்கள் வாங்கப்போவது இருபது குளிர்காலம் உப்புத் தண்ணீரில் ஓடியது.

அந்தச் சிவப்பு எம்எக்ஸ்-5 வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. விற்கிறவர் நல்ல மனிதர், வண்டியை ஜாக்கியில் ஏற்ற விட்டார், நாங்கள் கொண்டு போன ஸ்டாண்டையும் கீழே கொடுத்த பிறகுதான் நான் அடியில் போனேன். (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.) 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு ஒரு தீராத நோய் உண்டு. இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் முன்னோக்கி ஓடும் பெட்டி வடிவ சட்டங்கள் இருக்கின்றனவே, மோதும்போது மடங்கிக் கொடுக்க வேண்டியவை அவைதான். அதற்குள் வலுவுக்காக இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டு தகடுக்கும் நடுவே தண்ணீர் தேங்கி உள்ளேயிருந்து அரிக்கும். பாதுகாப்புக்காகச் சேர்த்த இடமே முதலில் அழுகுகிறது, எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். முதல் தலைமுறை வண்டிக்கு முன்பக்கம் இந்தத் தொந்தரவு இல்லை.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும். ஓட்டுநர் பக்கம் முழுக்க டிங், டிங். இடது பக்கம் பாதி தூரத்தில் சத்தம் மாறி 'தொப்' என்றது. மேலே புதிதாக அடித்த கெட்டியான கறுப்புப் பூச்சு. விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டு முனையால் மெல்ல அழுத்தினேன், பூச்சு பிளந்து, ஸ்க்ரூடிரைவர் ஒரு விரற்கடை உள்ளே போய், பழுப்பு நிறத் தூள் என் முகத்திலேயே கொட்டியது. அவருக்கே அது தெரியாது, வாங்கும்போதே பூசியிருந்ததாம். தம்பி எட்டிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அந்தச் சட்டம் மோதலில் படிப்படியாக மடங்காது, அந்த இடத்தில் படாரென்று ஒடியும், மிச்ச விசை முழுக்க கால் வைக்கிற இடத்துக்கு வரும். நாலு ஸ்டார் வாங்கிய வண்டி அது இல்லை.

அடுத்து சில், அதாவது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி. கூரையுள்ள காரில் மேலே கூரைச் சட்டமும் பாரத்தைத் தாங்கும். திறந்த காரில் கூட்டின் முதுகெலும்பே இந்தச் சில்தான். எம்எக்ஸ்-5இல் துணிக்கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீர் போகிற வடிகால் இலை தழை அடைத்துக்கொண்டால், தண்ணீர் சில்லுக்குள் இறங்கி பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியை அரிக்கும். அங்கே ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பு இல்லை, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். (இதே காந்தத்தைப் பானெட்டில் வைத்துப் பயந்துவிடாதீர்கள், முதல் இரண்டு தலைமுறைக்கும் பானெட் அலுமினியம், அங்கே ஒட்டாது.) கதவை மூடும்போது மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒரே அளவா என்று விரலை ஓட்டிப் பாருங்கள், கூடு தொய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: வண்டியின் எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி (வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று வருஷா வருஷம் பார்க்கும் கட்டாயச் சோதனை) முடிவுகள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாஸ், ஃபெயில் மட்டும் பார்க்காமல் ஆய்வாளர் எழுதிய எச்சரிக்கை வரிகளைப் படியுங்கள். மூன்று வருஷம் தொடர்ந்து 'துரு' என்று வந்து நாலாவது வருஷம் திடீரென்று மறைந்தால், பற்றவைத்தார்களா பூசினார்களா என்று கேளுங்கள். 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பெரும்பாலும் எம்ஓடியே தேவையில்லை என்பதால் அங்கே இந்தத் துணை கிடைக்காது. காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டியா என்றும் பாருங்கள். 2017 அக்டோபரிலிருந்து 'கேட் எஸ்' என்றால் அடிச்சட்டத்தில் அடிபட்டது, 'கேட் என்' என்றால் சட்டத்தில் அடி இல்லை. லோட்டஸ் எலீஸ் மாதிரி அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிய சேஸிஸ் என்றால் (அந்தச் சேஸிஸ் மொத்தமே 68 கிலோதான், அற்புதமான வேலைப்பாடு) அதை டிங்கர் பட்டறையில் இழுத்து நிமிர்த்த முடியாது, வளைந்தால் மாற்றத்தான் வேண்டும். நிமிர்த்தியதாக யாராவது சொன்னால் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பெல்ட், ஏர்பேக், கம்பி

பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி முழம் வரை. வழக்கமாக வெளியே இருக்கும் பகுதி வெயிலில் வெளுத்து, ஓரம் நூல் பிரிந்து, கையில் கரகரவென்று பட்டால் மாற்ற வேண்டும். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் அலை அலையாக நெளிவு தெரிந்தால் அது ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட்டாக இருக்கலாம், அதையும் மாற்ற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, விட்டால் தானாகச் சுருண்டு போகிறதா என்று பாருங்கள்.

ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பல்பைக் கழற்றியிருக்கலாம். பழைய எம்எக்ஸ்-5களில் அழகுக்காகச் சின்ன ஸ்டியரிங் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதோடு ஓட்டுநர் ஏர்பேக்கும் போய்விடுகிறது. பத்திருபது வருஷத்து வண்டி என்றால் தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் திரும்பப் பெறுதல் பட்டியலில் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைப் போட்டுக் கட்டாயம் பாருங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த ஏர்பேக்கின் ரசாயனம் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் அடிக்கும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2005க்குப் பின் வந்த மஸ்டாங், ஃபெராரி 458 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. மாற்றியது இலவசம், மாற்றாமல் ஓடுகிற வண்டி இன்னும் இருக்கிறது.

திறந்த கார் கவிழ்ந்தால் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? மெர்சிடஸ் 1989 எஸ்எல்லில் கவிழப்போவதை உணர்ந்து 0.3 நொடியில் மேலே எழும் கம்பியை வைத்தார்கள். போர்ஷே பாக்ஸ்டரில் நிலையான வளையங்கள் உண்டு. பழைய எம்எக்ஸ்-5இல் ஒன்றும் இல்லை, நாம்தான் ரோல் பார் போட வேண்டும். போட்ட பிறகு துடைப்பக்கட்டை சோதனை: ஓட்டும் நிலையில் உட்காருங்கள், கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலிருந்து ரோல் பாரின் உச்சிக்கு ஒரு துடைப்பக்கட்டையை வையுங்கள், தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். இடித்தால் அந்தக் கம்பி உங்களுக்கு உதவாது, சீட்டை இறக்குங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரோட்டில் ஓட்டும் காரில் ரேஸ் ஹார்னஸ், அதாவது இரண்டு தோளையும் இடுப்பையும் சீட்டோடு இறுகக் கட்டும் பெல்ட், மாட்டாதீர்கள். சாதாரண மூன்று முனை பெல்ட்டில் கவிழும்போது உடம்பு ஒரு பக்கம் சாய இடம் உண்டு. ஹார்னஸ் உங்களை நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடும், கூரை அல்லது கண்ணாடிச் சட்டம் தலை மேல் இறங்கும். கால் இடுக்கில் வரும் பட்டை இல்லாத நாலு முனை ஹார்னஸில் உடம்பு அடியில் வழுக்கி வயிறு அறுபடும். தோள் இறுகக் கட்டியிருக்க, தலை மட்டும் முன்னே பறக்கும். கழுத்தைப் பிடிக்கும் ஹான்ஸ் கருவியை எஃப்1இல் 2003இலிருந்து கட்டாயம் ஆக்கியது அதனால்தான். சென்னை இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ டிராக்கில் ஓட்டப் போகிறவர்கள் சீட், ரோல் பார், ஹார்னஸ், ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டோடு விடுங்கள். பாதியில் நிற்பதுதான் ஆபத்து. முழுக் கூண்டு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவதும் அப்படித்தான், சின்ன இடியிலேயே தலை அந்த இரும்புக் குழாயில் போய் மோதும்.

டயர் தேதியும் ஈஎஸ்சியும்

டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2211 என்றால் 2011ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார் வருஷத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடாது, டயரின் பள்ளம் புதிது மாதிரியே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகிப் போயிருக்கும். 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கிய போர்ஷே கரேரா ஜிடிக்கு 9 வயதான டயர்கள் இருந்தன. 72 கிமீ வரம்புள்ள ரோட்டில் 130 கிமீக்கு மேல் போனதுதான் முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது, ஆனால் அந்தப் பழைய டயர்களும் பிடிப்பைக் குறைத்திருக்கலாம் என்றும் சொன்னது. அந்தக் காரில் ஈஎஸ்சி என்ற சறுக்கல் தடுப்பும் கிடையாது. நான் ஆறு வயதானால் டயரைச் சந்தேகிப்பேன், பத்து ஆனால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுவேன்.

ஈஎஸ்சி உள்ள காரும் இல்லாத காரும் உங்கள் கையில் இருந்தால் தினசரி ஓட்ட உள்ளதை எடுங்கள். தனியாக ஒரு கார் மட்டும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளை அது கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கிறது என்பது ஐஐஹெச்எஸ்ஸின் கணக்கு. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் டாஷ்போர்டில் அதன் பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆடி டிடியின் முதல் தலைமுறை ஜெர்மன் ஆட்டோபானில் அதிவேகத்தில் கட்டுப்பாடு இழந்து விபத்துகள் நடந்த பிறகுதான் திரும்ப அழைக்கப்பட்டு, பின்னால் ஸ்பாய்லரும் ஈஎஸ்சியும் பெற்றது. ஸ்பாய்லர் இல்லாத ஆரம்ப டிடிதான் அழகு என்று தேடி வாங்குகிறவர்கள் அந்தக் காரணத்தையும் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

அறுபதுகளின் வண்டி என்றால்

எங்கள் பெரியப்பா தாம்பரத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார், மெட்ராஸிலேயே செய்த வண்டி. பிரிட்டனில் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் பின்னால் ஊசலாடும் அச்சு. திருப்பத்தில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் காரின் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமாக மடங்கி, வண்டி சுழலும் அல்லது கவிழும். 1970இல் வந்த நாலாம் பதிப்பு (மார்க் 4) ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங்கை மாற்றி இதைப் பெரிதும் குறைத்தார்கள். ஸ்பிட்ஃபயர் வாங்க ஆசை என்றால் அதைப் பாருங்கள்.

இந்தக் காலத்து வண்டியை இன்றைய வண்டி ஆக்க முடியாது, ஆனால் அடிபடும் விதத்தை மாற்றலாம். வலுவான இடத்தில் தகடு வைத்துப் பொருத்திய மூன்று முனை பெல்ட் முதல் வேலை. தலைக்குப் பின்னால் தாங்கி இரண்டாவது; அமெரிக்காவில் முன்சீட்டுகளுக்கு அது கட்டாயம் ஆனது 1969இல்தான், அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. துண்டு துண்டாகச் சிதறும் பழைய முன்கண்ணாடிக்குப் பதில் நடுவே படலம் உள்ள கண்ணாடி. பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடும் வண்டி என்றால் இரட்டைச் சுற்றாக மாற்றுவது. பெட்ரோல் குழாய்களைப் புதிதாக மாற்றி, பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பானும். ஜாகுவார் இ-டைப்பின் டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருந்த சுவிட்சுகளை 1968 வாக்கில் அமெரிக்க விதிகளுக்காகத் தட்டையாக மாற்றினார்கள், முழங்காலும் முகமும் எங்கே போய் இடிக்கும் என்று அவர்கள் யோசித்த மாதிரி நீங்களும் உட்கார்ந்து யோசியுங்கள். குழந்தைகளை ஏற்ற வேண்டாம். சீட் பெல்ட்டே இல்லாமல் தயாரான காரில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை ஏற்றுவது பிரிட்டனில் சட்டப்படியே கூடாது.

தம்பி அந்தச் சிவப்பு வண்டியை விட்டுவிட்டான். மே மாதம் ஒரு 2010 மாடல் எம்எக்ஸ்-5 கிடைத்தது, தட்டிய இடமெல்லாம் டிங், சறுக்கல் தடுப்பு பட்டன் இருந்தது, எம்ஓடி வரிகளும் சுத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அவனை உட்காரவைத்து ஸ்டியரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்தேன், 19 சென்டிமீட்டர்தான் இருந்தது. ஏர்பேக்குக்கு 25 வேண்டும். சீட்டை இரண்டு பல் பின்னே தள்ளி, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி, பெல்ட்டின் கீழ்ப்பகுதியை வயிற்றிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டோம். துணிக்கூரையின் வடிகாலில் ஒரு கைப்பிடி மட்கிய இலை வந்தது. டயர் நாலும் 2012, அடுத்த சனிக்கிழமை மாற்றுகிறோம்.